ரெண்டு முட்டுச்சுவர்

– அப்போ தினமும் வர்றீங்க, உள்ள மட்டும் போறதில்ல. நர்ஸம்மா சொல்றது நிஜம்தானா மேஸ்திரி?

– பழத்தை அவங்க கையில குடுத்து அனுப்பிடுவேன் இஞ்சினியர் சார். நீங்க மட்டும் என்னவாம்? வார்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தீங்க.

– பாத்துட்டீங்களா.

– பெஞ்சு வாசலுக்கு நேராத்தானே கிடக்கு. முந்தாநாளும் அப்படித்தான் திரும்பிப் போனீங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

– கால் எழும்பல மேஸ்திரி. லைப்ரரி அம்மா முகத்தைப் பாக்கணுமே.

– கால் எப்படி இருக்காம் அவங்களுக்கு?

– ரெண்டு இடத்துல முறிவு, கம்பி வச்சிருக்கு. நடப்பாங்க, ஆனா கோல் ஊனித்தான்னு டாக்டர் சொல்றார். ஏணி ஏறிப் புத்தகம் எடுக்கிறதெல்லாம் இனிமே இல்ல.

– ம்.

– கூரையிலேருந்து கழண்ட கல்லு தலையில விழாம கால்ல விழுந்துச்சே, நல்லவேளைன்னு எல்லாரும் சொல்றாங்க. அதைக் கேட்டா எனக்குக் கூசுது.

– யானைக்கும் அடி சறுக்கும் சார்.

– சறுக்கினது நானு. அடிபட்டது அவங்க. கொஞ்சம் நகருங்க, உக்காந்துக்கறேன்.

– உக்காருங்க, உக்காருங்க.

– அந்த லைப்ரரியை மொதல்ல பாத்தப்போ உங்களுக்கு என்ன தோணிச்சு, சொல்லுங்க.

– என்னத்தத் தோணும். ஆள் உயரத்துக்கு மூணு மடங்குல கூம்பு கூம்பா சன்னல். மேல கல்லுலயே கூரை, குடைக்கம்பி மாதிரி விலா விலாவா எடுத்திருந்தான். வெளியில சுவரைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா முட்டு. கட்டினவன் கையைக் கும்பிடலாம்னு தோணிச்சு.

– கோதிக்னு பேரு அந்தப் பாணிக்கு. எண்ணூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு அது பிறந்து. கல்லுக் கூரையோட பாரம் கீழ இறங்கறதோட நிக்காது, சுவரை வெளியிலயும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கத்தான் முட்டு. முட்டு இருக்கிற தைரியத்துலதான் சுவத்தைத் திறந்து அவ்ளோ பெரிய சன்னல் வச்சாங்க. ரெண்டாம் வருஷப் பாடம் மேஸ்திரி. பரீட்சையில படம் போட்டு நல்ல மார்க்கும் வாங்கினேன்.

– படிச்சவரு, அப்புறம் எப்படி சார்...

– அதைத்தான் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். கோர்ட்டைப் பாருங்க, கூம்பு வளைவு. ரயில் நிலையம், பேங்கு, பழைய சினிமாக் கொட்டகை, எல்லாத்துலயும் அதே கோதிக்தான். எதுலயாவது முட்டு எதையாவது தாங்குதா? உள்ள இரும்பு உத்திரம் தாங்கும், வெளிய அது வேஷம் கட்டிட்டு நிக்கும்.

– நானே எத்தனை பண்ணியிருக்கேன். கம்பிவலை கட்டி, சிமெண்டு பூசி, கல்லு அடுக்கினாப்ல கோடு இழுத்துடுவோம். உங்க வீட்டு முகப்புக்குக்கூட நாலு வச்சோம். பூனை ஏறினா ஆடும்.

– அதான். இருபத்தஞ்சு வருஷமா நகலையே பாத்துப் பாத்து, அசலைப் பாத்தும் நகல்னு முடிவு கட்டிட்டேன். தீயணைப்பு வண்டி சுத்தி வர வழி வேணும்னாங்க, ரெண்டு முட்டு குறுக்க நின்னுச்சு. 'அலங்காரம், எடுத்துடலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூணே மாசம், சுவர் வெளியில சாஞ்சு கூரை வாயைப் பொளந்துடுச்சு. ஒரு துளை போட்டுப் பாத்திருந்தா, உள்ள முழுக்கல்லா, வெறும் பூச்சான்னு தெரிஞ்சிருக்கும். அரைமணி நேர வேலை.

– துளை போட்டுப் பாக்கலாம்னு ஒருத்தன் சொன்னான்.

– நீங்கதான் சொன்னீங்க. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

– அதெல்லாம் எதுக்கு சார் இப்போ.

– சொல்லுங்க. நான் கேக்கணும்.

– 'சாந்துக் கரண்டி பிடிக்கிற கை எனக்குப் பாடம் எடுக்க வேணாம், சொன்னதைச் செய்'னீங்க. ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. எங்க மாப்பிள்ளையும் அந்தக் கூட்டத்துல நின்னாரு. கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட ஆகல, மாமனார் வேலை பாக்குற லட்சணத்தைப் பாக்க வந்திருந்தாரு.

– மாப்பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது.

– தெரிஞ்சா மட்டும்? அன்னிக்கு 'நீ, வா, போ'. இன்னிக்கு 'நீங்க'. பரவால்ல, என் மதிப்பும் ஏறியிருக்கு.

– குத்துங்க. எனக்கு வேணும். மன்னிப்புக் கேக்கறதுன்னா அத்தனை பேர் முன்னாடியும் கேக்கணும், கேக்கறேன். ஆனா அதைவிடக் கேவலம் ஒண்ணு பண்ணியிருக்கேன் மேஸ்திரி.

– என்ன சார்?

– போன வாரம் ஒரு நாள் உள்ள போனேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. பெரிய இரும்பு அலமாரி ஒண்ணை அந்தச் சுவரோரமா நகர்த்தி வச்சாங்களாம். அந்தக் கனத்துலதான் சுவர் விரிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. 'அவ்ளோ அழகான கட்டடத்தை நான் கெடுத்துட்டேனே சார்'ங்கறாங்க.

– அலமாரியாலயா? யாரு சொன்னது?

– அவங்களா நினைச்சுக்கிட்டது. நிர்வாகமும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. முட்டுச்சுவரை எடுக்கச் சம்மதிச்சது நிர்வாகமும்தானே, அவங்களுக்கு அது வசதி. விளக்கம் கேட்டு அந்தம்மாவுக்கு நோட்டீஸ் குடுத்திருக்காங்க. நாளைக்குள்ள பதில் எழுதலேன்னா வேலை போயிடும்.

– அவங்க அழுதப்போ நீங்க என்ன சொன்னீங்க?

– 'இருக்கலாம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க'ன்னேன்.

– இருக்கலாம்னா சொன்னீங்க.

– சொல்லிட்டுப் படி இறங்கறேன், அப்பாடான்னு இருந்துச்சு மேஸ்திரி. தப்பிச்சோம்டான்னு. அந்த அப்பாடாவை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.

– பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

– அதான் எழுதிட்டு வந்திருக்கேன். முட்டுச்சுவரை எடுக்கச் சொன்னது நான், அலமாரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நிர்வாகத்துக்கு. லைசென்ஸ் போகும், போகட்டும்.

– வீட்ல தெரியுமா?

– தெரியும். 'முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்பீங்க, போய்ச் சொல்லுங்க'ன்னு சட்டையை எடுத்துக் குடுத்தா.

– நல்ல மனுஷி.

– எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. தனியாப் போனா மறுபடியும் நாக்கு புரண்டுடும். நீங்களும் கூட வாங்க.

– நான் எதுக்கு சார்? நீங்க போயிட்டு வாங்க.

– நீங்க எச்சரிச்சீங்க, நான் கேக்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும். இதுல கை சுத்தமா இருக்கிற ஒரே ஆள் நீங்கதான். வாயே திறக்க வேணாம், சாட்சியா பக்கத்துல நில்லுங்க, போதும்.

– சாட்சிக்கு வேற ஆளைப் பாருங்க சார்.

– கோவம் இன்னும் தீரலையா?

– கோவம் எல்லாம் அன்னிக்கே தீந்துடுச்சு சார். முட்டுல சம்மட்டி விழுந்த மொத அடியிலயே கைக்குத் தெரிஞ்சுது, அது முழுக்கல்லு, பாரம் வாங்கிட்டு நிக்குதுன்னு. மாப்பிள்ளை முன்னாடி என்னை அவமானப்படுத்தினவரு ஊர் முன்னாடி அவமானப்படட்டும்னு, ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மீதியை நானே இடிச்சேன்.