மேல் போல்ட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவருக்குக் கையெல்லாம் கருப்பெண்ணெய். பால்கோவாப் பொட்டலத்தை மணிக்கட்டில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“கார்ல கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிட்டேன் மச்சான். புதுசு ஊத்த வழியில்ல.”

“ஏன்?”

“ஊத்துற ஓட்டையில போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. அசைய மாட்டேங்கு.”

“ஏலே, மேல் போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டுல்லா கீழ் போல்ட்டைத் தொறக்கணும்!”

“இப்பத் தெரியுது. மெக்கானிக்கைத் தேடித்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். நாளைக்குச் சாயங்காலந்தான் வருவாராம்.”

“காலையில மகளையும் பேரனையும் தேவதானத்துல மாமியார் வீட்டுல விடணுமே? கார்ல கொண்டாந்து விடுதேன்னு சம்பந்திகிட்ட எம்புட்டுப் பெருமை பேசுன!”

அவர் பால்கோவாப் பொட்டலத்தை மறு மணிக்கட்டுக்கு மாற்றினார்.

“பஸ்லதான் போவணும். கைப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாதுல்லா.”