கிவிக்காக நான் செய்தது

மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் குசினி ஜன்னல் அருமைராசா அண்ணையின் வாசலைப் பார்த்தபடி இருப்பது வீட்டைக் கட்டியவனின் பிழை. மொழிபெயர்க்க வந்திருக்கும் கஜந்தினி இதைப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே சொல்லட்டும். கஜந்தினியின் தாயைப் பற்றியும் எனக்குத் தெரியும். அது இப்போது வேண்டாம்.

அண்ணையின் மனைவி காலமாகிப் பதினொரு வருடம். அன்றிலிருந்து பனிக்காலத்தில் அவர் வீட்டுப் படி வழுக்காமல் இருக்க விடிய எழுந்து உப்புத் தூவுபவள் நான். நகரசபைதான் தூவுகிறது என்று அவர் நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவது அவர்தான்.

அவருடைய மகள் சாம்பவி நியூசிலாந்தில் இருக்கிறாள். இங்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழகத்தில் அவ்வளவு படித்துவிட்டு, பறக்கத் தெரியாத ஒரு பறவைக்குக் காவல் இருக்கிறாள். தகப்பனைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். கூடவே அந்தக் கிவிப் பறவையைப் பற்றி ஒரு கையேடும் அனுப்பினாள். அண்ணை வாசிக்கவில்லை; நான் வாசித்தேன். கிவி அந்த நாட்டின் அடையாளமாம். நெஞ்செலும்பு பலமில்லாததாம், நாய் விளையாட்டாகக் கவ்வினாலே செத்துவிடுமாம். அண்ணையிடமோ ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. அவர் போனால் அதுவும் போகும். யாராவது ஒருவர் யோசிக்க வேண்டுமல்லவா?

பனி அள்ளும் வண்டியைக் கண்டால் ஜிம்மி குரைத்துக்கொண்டு துரத்தும். அன்று வண்டியின் சத்தம் கேட்டது. நான் அண்ணை வீட்டுப் பின்பக்கப் படலைக் கதவின் கொழுக்கியைத் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான். மிச்சத்தைச் செய்தது ஜிம்மி.

செத்துக் கிடந்ததை மடியில் வைத்து அண்ணை அழுதார். தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஜிம்மியைப் பிளேனில ஏத்தேலாமல் இருந்தது தங்கச்சி, அதுக்கு வயசு போட்டுது. அதாலதான் இவ்வளவு நாளும் இழுத்தனான்.”

“அப்ப பயணம்?”

“இனி ஆருக்காக இங்க இருக்கிறது? வாற வெள்ளி போறன்.”

கையேட்டை மறுபடி எடுத்தேன். வாகனங்களில் அடிபட்டும் கிவிகள் சாகின்றனவாம். அண்ணை கார் ஓட்டும் சீர் எனக்குத் தெரியும். கோயில் மதிலில் இரண்டு தடவை முட்டியவர்.

வியாழன் விடிய உறைமழை பெய்திருந்தது. படி கண்ணாடி போல மினுங்கியது. நான் உப்பு மூட்டையைப் பிரிக்கவில்லை. ஜன்னலடியில் தேத்தண்ணீர் குடித்தபடி நின்றேன். ஏழேகாலுக்கு அவர் குப்பைப் பையோடு கதவைத் திறந்தார். அவர் விழுமுன்னரே ஆம்புலன்சுக்கு எப்படி அழைத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? வயது போனவர், குளிரில் கிடக்கக்கூடாது. அந்தளவு இரக்கம் எனக்கு உண்டு.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு ஒத்துவராது. தினமும் புட்டு அவித்துக் கொண்டுபோகிறேன். வீட்டுக்கு வந்தாலும் இனி ஆள் துணையில்லாமல் ஒரு படி இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னார். துணைக்கு நான் இருக்கிறேன் என்றேன்.

அவருடைய கடவுச்சீட்டு என் அரிசி வாளிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதுவும் கிவிக்காகத்தான்.