வைக்கப்படாத வாக்கெடுப்பு

ஷெல் குண்டு கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் விழப்போகிறது. நின்றுவிட்டது.

"ஓடாதீங்க, படுங்க!" என் கணவர் கத்துகிறார். வேலியோரம் விழுகிறேன். மகள் எனக்கு அடியில். ஒன்பது வயது. மூத்தவன் தண்ணீர் அள்ளப்போனவன், கிணற்றடியில் நிற்கிறான். அவனை இழுத்து விழுத்த அவர் எழும்புகிறார். அடுத்தது மிக அருகில். பிறகு காதுக்குள் இரைச்சல் மட்டும்.

1990, ஆனி மாதம். மட்டக்களப்பு, படுவான்கரை. அந்த வீட்டில் நாங்கள் இருந்திருக்கவே கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. சமாதானம் என்றார்கள். வடக்கு மாகாணத்தோடு சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களிடமே வாக்கெடுப்பில் கேட்போம் என்றும் எழுதினார்கள். இடம்பெயர்ந்தவர்களும் வாக்களிக்கலாமாம். அப்போது நாங்கள் வீடிழந்து டவுனில், பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். ஊருக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்று என் அண்ணன் மன்றாடினார். என் கணவர் கேட்கவில்லை.

"முகாமில இருந்து போட்டா அது அகதிட வாக்கு. வீட்டில இருந்து போட்டாத்தான் நம்மட வாக்கு."

நம்பித் திரும்பினோம். கூரை போட்டோம். அவருக்கு வடக்கோடு சேரவேண்டும். மகனும் அப்பா பக்கம். கிழக்கு தன்பாட்டில் இருக்கட்டும் என்பது என் எண்ணம். சோற்றுக்கு முன்னால் இருந்தும் சண்டை பிடித்தோம். என்ன வெட்கக்கேடு. யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியாமல் பதில் எது என்று அடிபட்டோம்.

வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். அதற்குள் மகனுக்குப் பதினெட்டு ஆனது. தள்ளிவைத்ததில் தனக்கும் ஒரு வாக்கு வந்துவிட்டது என்று கேலி செய்தான். கையெழுத்து வைத்தவர்கள் மாலையைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தது ஷெல்தான்.

இப்போது மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறேன். இந்தக் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவதா என்று இன்னொரு தடவை வாக்கெடுப்பு வைக்கலாம் என்கிறார்கள். மெட்ரோவில் மகள் கேட்டாள், நான் எந்தப் பக்கம் என்று.

"முதல்ல வைக்கட்டும்," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

எங்கள் வீட்டில் வாக்குகள் மூன்று. கணவர், நாற்பத்தாறு வயது, கிணற்றடியில். மகன், பதினெட்டு, அதே கிணற்றடியில். வீடும் போனது, இரண்டாம் தடவையாக. மிச்சம் என் வாக்கு மட்டும்.

அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. நடந்திருந்தால் எங்கள் வீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று நான் தோற்றிருப்பேன். அந்தத் தோல்வியைக்கூட எனக்குத் தரவில்லை.