இருபதில் முடியும் எண்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பேருந்தில் இடப்பக்க ஜன்னலோர இருக்கை நல்லது. வெயில் படாது. மடிக்கணினியின் திரை தெளிவாகத் தெரியும். கூட்டேரிப்பட்டில் வண்டி நின்று ஆள் ஏற்றும் நேரத்தில் அதைத் திறந்து ஒரு சின்ன வேலையை முடித்துவிடுவேன். ஏழு வருடப் பழக்கம், ஐயா.

அந்த வேலை இதுதான். ஒரே வலைப்பின்னலில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். வீட்டில் என் மடிக்கணினியின் எண் இருபதில் முடியும். அப்பாவின் அறையில் நான் மாட்டிய கேமரா அந்த எண்ணுக்குத்தான் படம் அனுப்பும். நான் கணினிகளைப் பராமரிக்கும் மருத்துவமனையிலோ, இருபது என்பது செவிலியர் மேசைமேல் இருக்கும் பெரிய திரை. எட்டு அறை நோயாளிகளின் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் அதில் ஓடும். அளவு குறைந்தால் கத்தும். ஆகவே காலையில் வீட்டு எண்ணை எடுத்துவிட்டு வேலை எண்ணைப் போடுவேன். மாலையில் திரும்ப மாற்றுவேன்.

போன புரட்டாசியில் ஒருநாள் மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு கருவிகள் ஒரே எண்ணைக் கேட்டால் ஏதாவது ஒன்று ஒதுங்கும். எங்கள் திரை பழையது, அதுதான் ஒதுங்கியது. எதுவும் சொல்லாமல், கடைசியாக வந்த அளவுகளையே காட்டிக்கொண்டு நின்றது. கால் மணி நேரம் கழித்துத்தான் செவிலி இளவரசி கவனித்தாள்.

"சாந்தனு அண்ணா, ஸ்கிரீன் அப்படியே நிக்குது. ஜல்தி வாங்க."

என் மடிக்கணினியின் எண்ணை மாற்றிவிட்டுப் போனேன். திரை ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க வந்தாலே சரியாயிடுதே, மந்திரம் கிந்திரம் போட்டுக்கினு வர்றீங்களா?" என்று சிரித்தாள்.

"கேபிள் லூஸு" என்றேன். இப்போது அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

என் அப்பா விமலநாதன் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை பயிரிட்டவர். நாங்கள் சமணர்கள். எறும்பு ஊரும் விறகை அடுப்பில் வைக்க மாட்டோம். பொழுது சாய்ந்த பிறகு அப்பா ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தை மாதம் கோயிலில் வைத்து, உடம்பு இனித் தேறாது என்று தெரிந்தால் சல்லேகனை ஏற்பேன் என்றார். உணவைப் படிப்படியாக விட்டு, தெளிந்த மனத்தோடு உடலை விடும் விரதம் அது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் ஏற்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். முனிவரிடம் போய் அனுமதியும் கேட்டேன்.

"அவரே வந்து கேக்கணும். நாளைக்கு வேணாம்னு தோணுச்சின்னா அதோட முடிஞ்சிது. நீ கேக்குற விஷயம் இல்லப்பா இது" என்றார் அவர். அதை ஒரு நடைமுறைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

ஆடியில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. திண்டிவனத்தில் குடியிருக்கும் என் தங்கை பிராமி அவரை எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தாள். சளி அடைத்து ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் திரை கத்தும். இளவரசி ஓடிவந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பாள். அறையில் இருந்த கருவியின் ஒலியைக் குறைத்தே வைத்திருந்தார்கள், நோயாளி தூங்கட்டும் என்று. ஐந்தாம் நாள் மருத்துவர், இனிப் பயமில்லை என்றார். அன்று மதியம் அப்பா வாயைத் திறந்து கேட்டது கஞ்சி.

"பிராமி, கேப்பைக் கஞ்சி கெடைக்குமா? மோர் ஊத்தி."

"ஏம்பா, விரதம் இருக்கப் போறீங்கன்னு ஊரே பேசிக்கினு இருக்குது, நீங்க கஞ்சி கேக்குறீங்களா?"

"ஊரு கெடக்குது போ. இன்னும் ரெண்டு போகம் மல்லாட்டை எடுத்துட்டுப் போறேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நோயில் மனம் தடுமாறும். தெளிவாக இருந்தபோது ஒருவர் சொன்னதை, தடுமாறும் நேரத்தில் மற்றவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிராமி கஞ்சி காய்ச்சத் தன் வீட்டுக்குப் போனாள். மூன்று பத்துக்கு, அப்பாவின் கட்டில் அருகே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, வீட்டு எண்ணைப் போட்டேன். உங்கள் தொழில்நுட்ப ஆள் எடுத்துக் காட்டிய பதிவு சரியானது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியும் இருப்பீர்கள். ஆனால் பொய் சொல்வதும் எங்களுக்கு விலக்கப்பட்டது.

நான் அப்பாவைத் தொடவில்லை. மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயை எடுக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். மற்ற ஏழு அறைகளின் அளவுகளும் திரையில் நின்றுதான் போயிருந்தன. அவர்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூன்று இருபத்தைந்துக்குச் சளி அடைத்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு வேலை எண்ணைத் திரும்பப் போட்டேன். திரை கத்தியது. இளவரசி ஓடிவந்தாள். அவள் தாமதிக்கவே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொலை என்று எழுதுவது உங்கள் வேலை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒருவர் முறைப்படி உடலை விட்டார் என்றுதான் நான் சொல்வேன். கடைசிவரை அவர் காதில் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நினைவு இருந்தது. ஒரு கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைக் காட்டினார். நான் மந்திரத்தை நிறுத்தவில்லை. மறுபடியும் காட்டினார். 'நான் புறப்படுகிறேன்' என்று அப்பா சொல்வதாக எனக்குப் புரிந்தது.