திறந்து படிக்காத ‘அருமை’ எனக்கு வேண்டாம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, திரையில் மட்டுமே பார்த்த முகத்தை இன்று நேரில் காட்டும் ஆசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய் ஓடிவந்திருக்கும் தாய்மாரே, இணையவழிப் படிப்பில் இன்று இணையும் இளையோரே! எளியவளைப் பேசவைக்கும் இறைவனை முதலில் வணங்கி, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இணைய வகுப்பின் கலந்துரையாடலிலும் கட்டுரைகளிலும் சிறப்பாகப் பங்கேற்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். படியேறும்போது ஒரு தம்பி காதருகே வந்து, “நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்கம்மா” என்றார். நல்லதாய் நாலு வார்த்தை! அந்த நாலு வார்த்தையை எதிர்க்கத்தான் நான் ஏறியிருக்கிறேன்.

பள்ளியோடு நின்றவள் நான். மீதியைச் சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து நானாகப் படித்தேன். கல்லூரியில் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு அத்தோடு போதும். நானும் தலையாட்டினேன்.

வகுப்பின் விதி எளிது. கட்டுரையைக் கலந்துரையாடல் பக்கத்தில் ஏற்றவேண்டும். பிறர் கட்டுரைக்கு மறுமொழி எழுதவேண்டும். நம் கட்டுரைக்கும் இருவராவது மறுமொழி எழுதியிருந்தால்தான் தேர்ச்சி. ஒருவரை ஒருவர் படிக்கவேண்டும் என்பதற்காக வந்த விதி. படித்தார்களா? எதை ஏற்றினாலும் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். வகுப்புத் தலைவருக்கு ‘அருமை அண்ணன்’ என்றே பெயர். கட்டுரை ஏறிய மறுகணம் அவருடைய அருமையும் அதன்கீழ் ஏறிவிடும்.

தையற்கூடத்தில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி எங்களோடு படித்தாள். ‘வீட்டில் முடிவெடுப்பது யார்?’ என்பது கட்டுரைத் தலைப்பு. கையால் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து, வேலைக்கு நடுவே ஏற்றினாள். ஏறியது கட்டுரை அல்ல. சட்டைக்கு எடுத்த அளவுக் குறிப்பின் படம்! கழுத்து இவ்வளவு, தோள் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு. கீழே பாராட்டு மழை. அருமை. ஆழமான பார்வை. அடக்கப்பட்ட பெண்ணின் குரல்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கை நீளத்தில் எந்த ஆழத்தைக் கண்டார்கள்? கழுத்துச் சுற்றளவில் யார் குரலைக் கேட்டார்கள்?

நான் திறந்து பார்த்தேன். படிக்காததைப் பாராட்டிவிட்டு எந்த முகத்தோடு பிரார்த்தனைக்கு உட்காருவேன்? ‘இது அளவுக் குறிப்பு, இன்று மாலைக்குள் கட்டுரையை ஏற்றுங்கள்’ என்று எழுதினேன். தலைவரிடம் என் எண்ணை வாங்கித் தங்கை கூப்பிட்டாள்.

“ஏன்க்கா, தனியா சொல்லக் கூடாதா? எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டீங்களே.”

“உன் நம்பர் எங்கிட்ட ஏதும்மா? மொதல்ல கட்டுரையை ஏத்து. அப்புறம் ஆற அமரத் திட்டு.”

ஏற்றினாள். படம் மாறியது. பாராட்டியவர்கள் படிக்கவில்லை என்பதற்கு என் ஒரு வரிதான் இப்போது சாட்சி. அடுத்து அருமை அண்ணனே கூப்பிட்டார். ஊருக்கு அண்ணன், எனக்குத் தம்பி. ஆசிரியர் பார்த்தால் எல்லோர் மதிப்பெண்ணும் போகும், அந்த வரியை அழித்துவிடுங்கள் என்று தேனாய்ப் பேசினார். மறுத்ததும் தேன் தேளானது. உங்கள் கட்டுரைப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்க்கமாட்டார்கள் என்றார்.

“அழிக்க வேண்டியது நான் எழுதினதையா தம்பி, நீங்க எழுதினதையா?” என்று கேட்டேன். அழைப்பு அறுந்தது.

ஊரோடு ஒத்துப்போகலாமே என்றார் வீட்டுக்காரர். ஒத்துப்போகவில்லை. என் கட்டுரை ஆளில்லாத வீட்டுக் கோலமாய், அல்ல, ஆளே ஏறாத பேருந்தாய் நின்றது. கெடு முடியும் நாளில் ஒரே ஒரு மறுமொழி வந்தது. எழுதியவள் தையல் தங்கை. அருமை என்றா எழுதினாள்?

‘அக்கா, உங்க முடிவு தப்பு. வீட்டுக் கணக்கை எழுதுறவங்கதான் வீட்டுல முடிவெடுக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கணக்கை எழுதுறது நீங்க. எதுக்குச் செலவு பண்ணலாம்னு சொல்றது யாரு?’

அன்பர்களே! ஆண்டுக்கணக்காய் அடித்தல் திருத்தல் இல்லாமல் கணக்கெழுதி, அதையே அதிகாரம் என்று நம்பியிருந்தவள் நான். அத்தனை பாராட்டும் தராத அறிவை அந்த ஒற்றை மறுப்பு தந்தது. என் கட்டுரையின் முடிவை அடித்துத் திருத்தினேன்.

ஆனால் இரண்டாவது மறுமொழி வரவில்லை. அந்தப் பாடத்தில் தவறினேன்.

“அப்போ படிப்பு போதும்ல? பேசினது ஞாபகம் இருக்கா?” என்றார் வீட்டுக்காரர்.

“இருக்குங்க. நீங்க பேசினீங்க, நான் தலையாட்டினேன். இந்தத் தடவை முடிவு நான் எடுத்துட்டேன். திரும்பவும் சேரப்போறேன்.”

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, எந்தக் கிழமை வகுப்பு என்று கேட்டார்.

ஆகவே, புதிய மாணவர்களே, எழுதுவதற்கு முன் திறந்து பாருங்கள்! புகழ்வதற்கு முன் படியுங்கள்! புரியவில்லையா, புரியவில்லை என்று எழுதுங்கள்! தப்பா, தப்பென்று சொல்லி, ஏன் தப்பென்றும் சொல்லுங்கள்! கூட்டம் ஒதுக்குமா? ஒதுக்கட்டும்! மதிப்பெண் குறையுமா? குறையட்டும்! படிக்காமல் பாராட்டுவது பண்பல்ல, பக்கத்தில் இருப்பவரை ஆளாகவே மதிக்காத அவமதிப்பு!

தேர்ச்சி பெற்றவர்கள் பலர் இருக்க, தவறியவளை மேடையேற்றிய ஆசிரியருக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. நாளை முதல் நானும் உங்கள் வகுப்பில்தான் இருப்பேன். என் கட்டுரை முதல் வாரமே வரும். தப்பு கண்டுபிடிக்க வாருங்கள். வணக்கம்.