உப்புக் குகையும் ஒரு பலாப்பழமும்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் ஓர் இளைஞர். பக்கத்தில், அவரை அடிவாரம் வரை வழியனுப்ப மடியில் பலாப்பழத்தோடு வரும் பெண்ணின் அப்பா. அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை; இளைஞரின் வேலையைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தார்.

“உப்புக்குள்ள எண்ணெய ஊத்துனா உப்பு கரைஞ்சிடாதுங்களா தம்பி?”

“எண்ணெயில உப்பு கரையாதுங்க. பூமிக்கு ரொம்ப அடியில இருக்குற உப்புப் பாறையத் தண்ணி விட்டுக் குடைஞ்சு கச்சா எண்ணெய் நிரப்பி வெப்பாங்க. அந்தக் குகை இடியாம நிக்குமான்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் வேலை.”

“உள்ள எறங்கிப் பாப்பீங்களா?”

“ஆள் எறங்க முடியாதுங்க.”

“பாக்காமயே சொல்றீங்களா!”

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியது. அப்பா பழத்தை இளைஞரின் மடிக்கு மாற்றினார்.

“நாங்களும் வெட்டாமத்தான் சொல்லுவோம். தட்டிப் பாத்துச் சொல்லுங்க, பழுத்திருச்சா?”

இளைஞர் காதை வைத்து வைத்துத் தட்டினார். மேலே, கீழே, காம்போரம், மறுபடி மேலே.

“ரெண்டு தட்டுப் போதும் சாமி.”

“பத்து எடத்துலயாவது தட்டுனாத்தாங்க நம்பிச் சொல்ல முடியும்.”

“எம் பொண்ண மட்டும் ஒரே தடவ பாத்துட்டுச் சரின்னுட்டீங்களே?”

இளைஞர் தட்டுவதை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப… அடுத்த வாரமும் வரட்டுங்களா?”

“வாங்க. அந்தத் தடவ அவ உங்களத் தட்டிப் பாக்கட்டும்.”