கடைசிப் பத்து நிமிடம்

விண்வெளிப் படத்துக்கு இடைவேளை விடக் கூடாது ஐயா. என் கட்சி அதுதான். பூமி அழியப்போகிறது என்று திரையில் ஒருத்தர் பதறிக்கொண்டிருக்கும்போது வெளியே போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தால், அப்புறம் பூமி இருந்தால் என்ன, அழிந்தால் என்ன?

காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் என் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் இந்தப் படங்களைப் போடுகிறேன். அறிவியல் திரைச் சங்கம் என்று பெயர். தலைவர், செயலாளர் எல்லாம் நானே. காரைக்காலில் நல்ல ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வியாதிதான். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவார்கள். நெரிசலுக்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டுமாம். என் வாசலில் நிற்பதே ஏழெட்டு வண்டி. நெரிசல் எங்கிருந்து வரும்? அதனால் கைப்பேசிகளை ஓர் எவர்சில்வர் தூக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அதன் பிறகுதான் படம்.

எழுந்து போகிறவர்களில் முதல் ஆள் பஞ்சநாதன் சார். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போவதோடு விடமாட்டார். "கடைசில எல்லாரும் பொழச்சிக்கிருவாங்க, வாங்க போவோம்" என்று சபைக்கே முடிவைச் சொல்லிவிட்டுப் போவார். பூட்டு வந்த பிறகு சாக்கு சொல்லத் தொடங்கினார். ஒரு மாதம் வயிற்றுவலி. மறுமாதம், வயலில் மோட்டார் ஓடுகிறதாம். இரண்டு முறையும் திறந்துவிட்டேன். இரண்டு முறையும் அவர் நேரே டீக்கடைக்குத்தான் போனார்.

போன ஞாயிறு போட்டது இந்த வகையிலேயே உசத்தியான படம். மனித குலத்தில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கலம் புறப்பட்டுவிடுகிறது. ஒரு கிழவர் மட்டும் கீழே தங்கிவிடுகிறார். அவருக்காகக் கலத்தைத் திருப்பலாமா, வேண்டாமா என்பதுதான் கதை. நல்ல படத்துக்கு ராக்கெட்டும் வெடியும் தேவையில்லை ஐயா. ஓர் உயிர் எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டும், கேட்டு நம்மை அழவைக்க வேண்டும். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் பஞ்சநாதன் சார் மனைவி சௌந்தரவல்லி அம்மா இருட்டில் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சிவநாதன் தம்பி, கதவத் தொறங்க. அவங்களுக்கு நெஞ்ச அடைக்கிதுங்கிறாங்க."

"பத்தே நிமிஷந்தாம்மா. படம் முடிஞ்சிரும்."

"ஐயோ, நெசமாத்தான் தம்பி. ஒடம்பெல்லாம் வேத்துக் கொட்டுது."

சிலர் உஸ் என்றார்கள். ஒருவரும் எழவில்லை. இத்தனை மாதம் நான் ஊட்டிய ஒழுங்கு வீண்போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

சாக்கு என்று நினைத்ததாகச் சொல்லுங்கள், பூட்டு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்று சொல்லுங்கள் என்றெல்லாம் வக்கீல் சொல்லித் தந்தார். இந்தக் கடற்காற்றில் எதுவும் துருப்பிடிக்கும், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் அந்தப் பூட்டுக்கு மாதாமாதம் நானே எண்ணெய் விடுகிறேன். சாக்கும் இல்லை. எழுந்து போய்த் திரை வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பவர் உதடு அப்படி நீலம் பாரிக்காது. ஆஸ்பத்திரி பக்கம்தான், தெருமுனையில் ஆட்டோ நிற்கும். எல்லாம் தெரியும். ஆனால் என் மாடிக் கதவு மேற்குப் பார்த்தது. திறந்தால் வெயில் நேரே திரையில் விழும். கலம் திரும்புகிற காட்சி வேறு வரப்போகிறது.

அந்த அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பஞ்சநாதன் சார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைக் கல்மனசுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். கை சில்லிட்டு வந்தது. படம் முடியும்வரை தாங்கமாட்டார் என்று புரிந்ததும், காதருகே குனிந்து, "கெழவருக்காகக் கலம் திரும்பி வந்துரும் சார்" என்று சொன்னேன். அது தரையிறங்கும்போது அவர் உயிர் போயிருந்தது.

முடிவை முன்கூட்டியே சொல்வது எங்கள் சங்கத்தில் மன்னிக்க முடியாத குற்றம். அதைச் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன்.